மணிக்கூட்டின் நாட்காட்டியும் மாலைப் பிறையும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதியின் இருமருங்கிலும், ஊரோடு ஊர் தொடுத்தாற்போல முஸ்லிம் ஊர்கள் பல அமைந்திருக்கின்றன. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பன அவற்றுட் சில. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்கள் உள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இந்த நிலப்பரப்பில் வாழும் முஸ்லிம்கள் ஒரே நாளை மூன்று பெயர்களால் அழைக்கின்றனர். அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் வங்கிக்கும் ஆங்கில மாதத் திகதி வேண்டும். வயலுக்கும் மாரிமழைக்கும் ஐப்பசி, கார்த்திகை என்னும் தமிழ் மாதங்கள் வேண்டும். நோன்புக்கும் பெருநாளுக்கும் கந்தூரிக்கும் பிறைக் கணக்கு வேண்டும். பிறைக் கணக்கில் வரும் நாளுக்குப் பெயரே ‘பிறை’ என்பதுதான். ‘இன்று பிறை பன்னிரண்டு’ என்று சொன்னால், வானத்தைப் பாராதவனுக்கும் பொருள் விளங்கும்.

இம்மூன்று கணக்குகளுள் முதலாவதைத் தானாகவே கணித்துக் காட்டும் வல்லமை ஒரு சிறிய பொறிக்கு உண்டு. கையிற் கட்டும் மணிக்கூட்டின் வட்டத்துக்குள் அடங்கும் அப்பொறியை மணிக்கூட்டுத் தொழிலோர் ‘நிரந்தர நாட்காட்டி’ என்பர். மனிதன் கைவினையின் உச்சங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதை ஆராய்ந்தால், நாட்காட்டி என்பதன் இயல்பே நன்கு புலனாகும்.

பழைய மரபிலே செய்யப்படும் இவ்வகை மணிக்கூடு ஆரவாரம் இல்லாதது. மெல்லிய பொன் உறை, வெண்மையான அல்லது வெள்ளிநிறமான முகப்பு, இலைபோல ஒடுங்கிய முட்கள், தோற்பட்டி ஆகியவையே அதன் அணிகலன்கள். முகப்பினுள்ளே மூன்று அல்லது நான்கு சிறு வட்டங்கள் இருக்கும். ஒன்று கிழமையையும், ஒன்று திகதியையும், மற்றொன்று மாதத்தையும் காட்டும். பெரும்பாலும் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு சாளரமும், அதன் ஊடாக நீலவானிலே தவழும் ஒரு பொன்மதியும் தோன்றும். புகழ்பெற்ற நிறுவனங்கள் பொன்னிற் செய்யும் இத்தகைய மணிக்கூட்டின் விலை, இலங்கை நாணயத்திலே ஒரு கோடி ரூபாவைத் தாண்டுவது வழக்கம். அப்பெருவிலைக்குக் காரணம் பொன் மட்டுமன்று. முகப்பின் பின்னே மறைந்திருக்கும் நூற்றுக்கணக்கான நுண்ணுறுப்புகளும், அவற்றைச் செதுக்கி மெருகிட்டுப் பொருத்துவதற்குச் செலவாகும் உழைப்புமே பெரிய காரணமாகும்.

சாதாரணத் திகதி மணிக்கூடு எல்லா மாதங்களுக்கும் 31 நாட்கள் என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே பெப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முடிவிலும் அதனைக் கையாலே திருத்த வேண்டும். நிரந்தர நாட்காட்டி இந்தத் தொல்லையை நீக்குகின்றது. எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதும், எந்த ஆண்டு நெட்டாண்டு என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்திருப்பது எவ்வாறு என்பதே வியப்புக்குரியது.

பொறியின் நடுவிலே ஒரு சில்லு உண்டு. அது ஒருமுறை சுற்றிவர நான்கு ஆண்டுகள் செல்லும். நான்கு ஆண்டுகளுக்கு 48 மாதங்கள் அல்லவா? அச்சில்லின் விளிம்பும் 48 பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கும். 31 நாள் மாதங்கள் 28. அவற்றுக்குரிய இடங்கள் மேடாக இருக்கும். 30 நாள் மாதங்கள் 16. அவ்விடங்களில் ஆழமில்லாத பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். 28 நாட்களையுடைய பெப்ரவரிகள் மூன்றுக்கும் ஆழ்ந்த பள்ளங்கள். 29 நாட்களையுடைய ஒரு பெப்ரவரிக்கு அவற்றிலும் சிறிது ஆழங் குறைந்த பள்ளம். ஒரு நெம்பின் நுனி இந்த விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் நெம்பு அசையும்போது, அதன் நுனி எவ்வளவு ஆழத்தில் விழுந்திருக்கின்றதோ அவ்வளவு தூரம் திகதிச் சில்லைத் தள்ளும். பள்ளம் ஆழமானால் தள்ளும் தூரமும் மிகும். ஆகவே பெப்ரவரி 28 முடிந்ததும், இடையிலுள்ள மூன்று திகதிகளையும் கடந்து, முள் நேரே முதலாம் திகதியில் வந்து நிற்கும். அறிவு என்று தோன்றுவது உண்மையிலே உலோகத்தில் வெட்டப்பட்ட பள்ளங்களின் ஆழமேயாகும். 1461 நாட்களின் ஒழுங்கு முழுவதும் அந்தச் சிறு சில்லின் விளிம்பிலே எழுதப்பட்டிருக்கின்றது.

இப்பொறியை முதன்முதலில் ஒரு பைக்கடிகாரத்தினுள் அமைத்தவர், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் மட்ஜ் என்னும் ஆங்கிலேய மணிக்கூட்டு வினைஞர் ஆவர். கைக்கடிகாரத்திலே அது இடம்பெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. ஜெனீவா நகரத்துப் பத்தேக் பிலிப் நிறுவனத்தார், பெண்கள் அணியும் தொங்கற் கடிகாரம் ஒன்றுக்கென 1898இல் செய்து வைத்திருந்த பொறியை எடுத்து, 1925இல் ஒரு கைக்கடிகாரத்திற் பொருத்தினர். அதுவே நிரந்தர நாட்காட்டியைக் கொண்ட முதற் கைக்கடிகாரம். 1985இல் கேட் கிளவுஸ் என்னும் வினைஞர், ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்துக்காக அமைத்த பொறியிலே, நாள், மாதம், ஆண்டு, மதி ஆகிய அனைத்தையும் சாவி கொடுக்கும் திருகு ஒன்றினாலேயே ஒருங்கு நகர்த்தலாம் என்னும் எளிமையைக் கண்டார்.

எனினும் ‘நிரந்தரம்’ என்னும் பெயருக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டும் பழைய யூலிய முறையிலே ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள். பருவங்களின் சுழற்சியோ ஏறத்தாழ 365.2422 நாளிலே முடிகின்றது. இச்சிறு வேற்றுமை பல நூற்றாண்டுகளிற் பத்து நாளாகத் திரண்டமையினால், 1582ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதிக்கு அடுத்த நாள் 15ஆந் திகதி என்று மாற்றப்பட்டது. அதுமுதல், நூற்றாண்டின் இறுதியாண்டு 400ஆல் வகுபட்டாலன்றி நெட்டாண்டு ஆகாது என்னும் விதி வந்தது. அவ்விதிப்படி 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு, 2100 நெட்டாண்டு ஆகாது. நான்காண்டுச் சில்லு இதனை அறியாது. ஆகவே இப்போது சரியாக ஓடும் இவ்வகை மணிக்கூடுகளுட் பெரும்பாலானவை, 2100ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதியன்று பெப்ரவரி 29 எனப் பிழையாகக் காட்டும். அன்று யாரேனும் ஒருவர் கையாலே அதனைத் திருத்த வேண்டும். பொறி எவ்வளவு நுட்பமாயினும், அதற்குக் கொடுக்கப்பட்ட விதியின் எல்லையே அதன் எல்லை.

இந்த மாற்றங்கள் எவற்றாலும் குலையாத ஒன்று கிழமை. 1582இல் பத்துத் திகதிகள் மறைந்தபோதும், வியாழனுக்கு அடுத்து வெள்ளியே வந்தது. மணிக்கூட்டின் கிழமை வட்டத்துக்குத் திருத்தம் வேண்டியதில்லை. எனினும் கிழமை நடக்கும் வழியிலேதான் வாழ்க்கையும் நடக்கும் என்று துணிந்து கூற முடியாது. இலங்கையிலே 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, மதியின் நான்கு கட்டங்களையொட்டிய போயா நாட்களே வாராந்த விடுமுறையாக இருந்தன. அக்காலத்தில் மணிக்கூடு ஞாயிறு எனக் காட்ட, அலுவலகம் திறந்திருப்பதும் உண்டு. ஒரு போயாவுக்கும் மறு போயாவுக்கும் இடையே சிலவேளை ஏழு நாளும் சிலவேளை எட்டு நாளும் இருந்தன. நாட்டின் வேலை வாரம் ஐந்தாண்டுக்கு மேலாகச் சூரியனை விட்டு மதியின் வழியே சென்றது.

மதியின் கணக்கு அத்துணை எளிதானதன்று. மணிக்கூட்டின் சாளரத்திலே தோன்றும் பொன்மதி, பெரும்பாலும் 59 பற்களையுடைய சில்லிலே பொருத்தப்பட்டிருக்கும். நாளொன்றுக்கு ஒரு பல் நகரும். தட்டிலே இரண்டு மதிகள் தீட்டப்பட்டிருத்தலால், 29½ நாளுக்கு ஒரு மதி சாளரத்தைக் கடக்கும். உண்மையில் ஒரு பிறையிலிருந்து மறு பிறைக்குச் சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் செல்லும். அந்த 44 நிமிடங்கள் மாதந்தோறும் திரண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டு எட்டு மாதங்களில் ஒரு நாட் பிழையாகும். 135 பற்களையுடைய நுண்ணிய சில்லிலே அப்பிழை ஒரு நாளாவதற்கு 122 ஆண்டுகள் செல்லும். எவ்வகையாயினும், சாளரத்தின் மதி சராசரி மதியே. அது முகிலை அறியாது, அடிவானத்தையும் அறியாது.

ஹிஜ்ரி ஆண்டோ முற்றிலும் மதியைப் பற்றியது. அதன் பன்னிரண்டு மாதங்கள் 29 அல்லது 30 நாட்களைக் கொண்டவை. மொத்தம் 354 அல்லது 355 நாள். சூரிய ஆண்டுடன் இணைக்கும் பொருட்டு இடையில் மாதம் கூட்டும் வழக்கம் அதில் இல்லை. எனவே ஆண்டுதோறும் அது ஆங்கிலத் திகதியிலே ஏறத்தாழ பதினொரு நாள் முந்தி வருகின்றது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையிலே கொடியேறும். பன்னிரண்டு நாள் நிகழும் அவ்விழா, ஒரு தலைமுறைக் காலத்தில் மாரியிலும் கோடையிலும், விதைப்பிலும் அறுவடையிலும் மாறி மாறி வந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் புறப்பட்ட பருவத்தையே மீண்டும் அடையும்.

இந்தப் பதினொரு நாள் வேற்றுமை விழாவோடு நின்றுவிடுவதன்று. அது பணக் கணக்கிலும் புகுகின்றது. மருதமுனையிலே கைத்தறிச் சேலை வாணிகஞ் செய்யும் ஒருவர், தம் வாணிகப் பொருளுக்கும் சேமிப்புக்கும் ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத்து வழங்கக் கடமைப்பட்டவர். அந்த ஆண்டு பிறையாண்டு. அதனை மறந்து டிசம்பர் 31இல் கணக்கை முடித்து வழங்கி வருவாராயின், 32 சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ 33 பிறையாண்டுகளுக்குச் சமமாதலால், முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஏழைகளுக்குச் சேரவேண்டிய ஓராண்டுப் பங்கு கணக்கிலிருந்து நழுவிவிடும். இதனாலேயே, சூரிய ஆண்டில் கணக்கு முடிக்கும் நிறுவனங்கள் 2.5 வீதத்தை 2.577 வீதமாகக் கொள்ளும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. சம்மாந்துறை வயலிலே நெல் விளைவிப்பவருக்கோ கணக்கு வேறு. விளைச்சலின் ஸகாத்து அறுவடையோடு கடமையாகின்றது. மழையால் விளைந்ததாயின் பத்தில் ஒன்று, பொருள் செலவிட்டு நீர் பாய்ச்சியதாயின் இருபதில் ஒன்று. அறுவடை பருவத்தைத் தொடர்வது; பருவம் சூரியனைத் தொடர்வது. ஆக, ஒரே கடமை வாணிகரிடத்தில் மதியைப் பின்பற்றியும் உழவரிடத்தில் சூரியனைப் பின்பற்றியும் வருகின்றது. எந்த நாட்காட்டியைக் கையிற் கொள்வது என்பது வெறும் வசதியைப் பற்றிய வினா அன்று. அடுத்தவர் பங்கைப் பற்றிய வினாவும் ஆகும்.

அவ்வாறாயின் ஹிஜ்ரிக் கணக்கையே ஒரு மணிக்கூட்டில் அமைத்தல் கூடாதா? கூடும்; அமைத்தும் விட்டனர். மதிக் கணக்கைப் பற்சில்லுகளில் ஏற்றும் கலை முஸ்லிம் உலகுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 618இல், அதாவது 1221ஆம் ஆண்டளவில், இஸ்பஹான் நகரத்து முகம்மது இப்னு அபீ பக்ர் செய்த வானளவி ஒன்று இன்றும் ஒக்ஸ்போர்ட் நகரத்து நூதனசாலையில் உள்ளது. அதன் பின்புறத்தே பற்சில்லுகள் சுழன்று, மதியின் வடிவத்தையும் வயதையும் காட்டும். அக்கலையின் வழியிலே, சுவிற்சர்லாந்தின் பிளெரியே என்னும் சிற்றூரில் இயங்கும் பார்மிஜியானி நிறுவனம் ஹிஜ்ரி நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரத்தை ஆக்கியது. 2020இல் ஜெனீவா மணிக்கூட்டுப் போட்டியிலே புதுமைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

வானவியல் அறிஞர் நெடுங்காலமாகக் கையாண்ட முப்பதாண்டு வட்டமே அம்மணிக்கூட்டின் அடிப்படை. முப்பது பிறையாண்டுகளுள் 19 ஆண்டுகளுக்கு 354 நாள். எஞ்சிய 11 ஆண்டுகளுக்கு 355 நாள். மொத்தம் 10,631 நாள். உண்மையான 360 பிறைகளின் நீளத்தோடு இதனை ஒப்பிட்டால், பிழை ஒரு நாளாகத் திரள்வதற்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் செல்லும். சூரிய நாட்காட்டி மணிக்கூட்டுக்கு 2100இல் வரும் இடர் இதற்கு இல்லை. கணக்கு என்ற அளவில் இது வியத்தகு வெற்றியே.

ஆயினும் அந்த மணிக்கூட்டை அணிந்த ஒருவர் ஷஃபான் மாதம் 29ஆம் பிறையன்று கல்முனையிலே இருப்பாராயின், மறுநாள் நோன்பா என்னும் வினாவுக்கு அவருடைய கை விடை தராது. மணிக்கூடு கூறுவது சராசரிக் கணக்கு. ஊர் வேண்டுவது அன்று மாலை அடிவானத்திலே தென்படும் பிறை. புதுமதி பிறந்து பதினைந்து மணி நேரம் செல்லுமுன் அது வெறுங்கண்ணுக்குத் தோன்றுவது மிக அரிது. தோன்றினும், சூரியன் மறைந்த பின் சிறிது நேரமே நின்று தானும் மறைந்துவிடும். இந்தக் கரையின் மக்கள் பூரணை நிலவு கடலிலிருந்து எழுவதைக் காண்பவர்கள். தலைப்பிறையைக் காண்பதற்கோ கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே வயல்வெளியை நோக்கி நிற்க வேண்டும். கல்முனையில் சூரியன் கொழும்பிலும் பார்க்க ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் முந்தி மறையும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கிழக்குக் கரையின் வானம் முகிலால் மூடிக்கிடக்க, மேற்குக் கரையின் வானம் தெளிந்திருத்தலும் உண்டு. ஆகவே ஓர் ஊரார் காணாததை மற்றோர் ஊரார் காணக்கூடும். அங்குமிங்கும் கிடைக்கும் சாட்சியங்களைக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து எடுக்கும் முடிவு, வானொலி வழியாக நாடெங்கும் அறிவிக்கப்படும். அம்முடிவு வரும்வரை, சமையலறையில் சஹருக்கு அரிசி ஊறவைப்பதா வேண்டாமா என்பது தெரியாது; கடைக்காரருக்குப் பெருநாள் வாணிகம் இன்றோடு முடிகின்றதா நாளையும் உண்டா என்பதும் தெரியாது.

கணித்தே தீர்மானிக்கலாம் என்பாரும் உளர். கண்ணாற் காணவேண்டும் என்பாரும் உளர். இரு சாராரிடத்தும் கற்றறிந்தோர் இருக்கின்றனர். அவர்களுள் யார் சரி என்பதைத் தீர்க்கும் ஆற்றல் மணிக்கூட்டுக்கு இல்லை. நாளின் தொடக்கம் எது என்பதிலேகூட இரு கணக்குகளும் ஒன்றுபடுவதில்லை. சூரிய நாட்காட்டி மணிக்கூட்டின் முள் நள்ளிரவில் நகரும். பிறைக் கணக்கிலோ மஃரிபு வேளையிலேயே புதிய நாள் பிறந்துவிடும். வியாழன் மாலை மங்கியதும் இவ்வூர்களில் அதனை ‘வெள்ளி இரவு’ என்று கூறுவது இதனாலேயே.

சூரியக் கணக்கும் மதிக் கணக்கும் ஒருங்கே சந்தித்த நாளொன்று இக்கரையோர மக்களின் நெஞ்சிலே நீங்காது பதிந்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். துல்கஃதா மாதத்தின் நடுப்பகுதி. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தைச் சிதைத்து, எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது. ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூர்வோர் டிசம்பர் 26ஆந் திகதியையே கொள்கின்றனர். நிரந்தர நாட்காட்டியின் முள் அத்திகதியில் தவறாது வந்து நிற்கும். ஆனால் அன்று நிலவு பெரும்பாலும் பூரணையாக இராது. ஒருவேளை பிறையாக இருக்கும், ஒருவேளை இல்லாதே போகும். துல்கஃதாவோ விலகி விலகி வேறொரு பருவத்துக்குச் சென்றிருக்கும். ஒரே நாள், ஒரு கணக்கிலே திரும்பி வந்தும், மற்றொரு கணக்கிலே திரும்பி வராமலும் இருக்கின்றது.

இனி வரவிருக்கும் ஒரு புதுமையையும் இங்கே குறிப்பிடலாம். 2030ஆம் ஆண்டிலே றமழான் மாதம் இருமுறை தொடங்கும். முதலில் ஜனவரித் தொடக்கத்தில், மீண்டும் டிசம்பர் இறுதியில். இரண்டும் கிழக்குக் கரைக்கு மாரிக்காலம். வயலிலே பெரும்போக நெற்பயிர் நிற்கும். மேற்கு வானம் முகில் சூழ்ந்திருக்கவும் கூடும். ஆங்கிலத் திகதியைக் காட்டும் மணிக்கூடு அவ்வாண்டைப் பிற ஆண்டுகளைப் போன்ற ஒன்றாகவே கடத்திவிடும். ஹிஜ்ரி மணிக்கூடு இரு றமழான்களையும் தன் கணக்கின்படி காட்டும். அவ்விரு மாலைகளிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் வயல்வரம்பிலும் நின்று மேற்கு நோக்குவோரின் வேலை அதனாற் குறைந்துவிடாது.

நிரந்தர நாட்காட்டி மணிக்கூட்டின் பெருமை யாதெனின், ஒரு விதியை மறவாது காத்தல். நான்காண்டு முழுவதும் உறங்காது எண்ணி, உரிய இரவில் உரிய அளவு நகரும் அந்தச் சில்லு, மனிதனுடைய பொறுமைக்கும் நுண்ணறிவுக்கும் நல்ல சான்று. அதன் எல்லையும் அதுவே. விதியை வகுப்பதும், விதி போதாத இடத்தில் கூடிப்பேசி முடிவு செய்வதும், அம்முடிவின்படி ஊர் முழுவதும் ஒரே நாளில் நோன்பு நோற்பதும் பெருநாள் கொண்டாடுவதும் மக்களின் வேலையாகவே இருக்கின்றன. கோடி ரூபா மணிக்கூட்டை அணிந்தவரும் மணிக்கூடே இல்லாத மீனவரும், 29ஆம் பிறை மாலையில் ஒரே வரம்பில் நின்று, ஒரே வானத்தையே பார்க்க வேண்டியிருக்கின்றது. அங்கே முதலில் பிறையைக் காணும் கண் யாருடையதாக இருக்கும் என்பதை எந்தப் பற்சில்லும் முன்கூட்டிக் கூறாது.